எழுதிக் கொடுக்காதவன்

“இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை பெத்தவன் பேச்சைக் கேக்குது” என்று சொன்னீர்களே தம்பி, அதற்காகத்தான் திரும்பிப் பார்த்தேன். கோபம் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டிலிருந்து வருகிறீர்கள், மடியில் தாம்பூலப் பை இருக்கிறது, முன் சீட்டுப் பையன் பெற்றவளிடம் எரிந்து விழுகிறான். பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. குடும்பம், பண்பாடு, அந்தக் காலம். இப்போது எங்கே போனாலும் இந்தப் பேச்சுத்தான். நான் ஐம்பது ஆண்டுகளாக இதற்கு எதிர்ப்பேச்சுப் பேசியவன். அதனால் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

அந்த ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். காற்று காதில் அடிக்கிறது. போதும், போதும்.

என் பெயர் தணலரசன். பெற்றவர்கள் வைத்தது வைத்திலிங்கம். இருபது வயதில் அதை நானே கழற்றிப் போட்டேன். மன்னார்குடிக் கடைத்தெருவில் உங்கள் அப்பா வயதுக்காரர்களைக் கேட்டால் நான் யார் என்று சொல்வார்கள். ஆனால் அவர்களில் யாரும் இப்போது இல்லை. ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளிலும் ஓரணாப் புத்தகங்களிலும்தான். பட்டறையில் ஒரு கையால் துருத்தி ஊதிக்கொண்டு, இன்னொரு கையில் புத்தகம் வைத்துக்கொண்டு படித்தவன். பிறகு நானே எழுதினேன். ‘குடும்பம் என்பது கூரை போட்ட அரசாங்கம். அதில் தகப்பன் ராஜா, தாய் வேலைக்காரி, பிள்ளைகள் குடிமக்கள். ராஜாவை ஒழித்த நாம் தகப்பனை ஏன் வைத்திருக்கிறோம்?’ இதை எழுதியது நான். அச்சடித்து இந்த வடுவூர் வழியாகத்தான் மிதிவண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டுக் கல்லெறிந்தவர்களும் உண்டு. படிக்காமலே எறிந்தவர்கள்தான் அதிகம்.

சிரிக்காதீர்கள். எறிந்த கல்லில் ஒன்று இங்கே பட்டது. தடவிப் பாருங்கள். வேண்டாம், விடுங்கள்.

எனக்கு ஒரே மகன். இங்கர்சால். அமெரிக்காவில் மதத்தை எதிர்த்துப் பேசிய ஓர் அறிஞரின் பெயர் அது. அவன் அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை, சாலு, சாலு என்பாள். நான் முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவன் என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை, தோழர் என்றுதான் பழக்கியிருந்தேன். எட்டு வயதில் அவனை முக்காலியில் ஏற்றி மைக் முன்னால் நிறுத்துவேன். நான் எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வான். ‘பெற்றவர்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பெற்றவர்கள் சொல்வதைக் கேட்காதே. உன் அறிவைக் கேள். அது சொல்வதைச் செய்.’ கூட்டம் அதிரும். அந்தப் பிள்ளைக்குத் தொண்டை அப்படி.

இப்போது மின்வாரியத்தில் ஃபோர்மேன். ஓய்வுபெற இன்னும் நாலைந்து ஆண்டு இருக்கும். நான் பழைய வீட்டில் தனியாக இருக்கிறேன். அவன் வேறு தெருவில், மனைவி மங்கையர்க்கரசியோடு. மதியச் சோறு கேரியரில் வந்துவிடும். அவனே கொண்டுவருவான். வைப்பான், காலிக் கேரியரை எடுத்துக்கொள்வான், போய்விடுவான். உட்கார மாட்டான். பேச மாட்டான். இதற்குப் பெயர் மரியாதை என்கிறீர்களா? நீங்கள் சொல்கிற அந்தக் காலத்துக் குடும்பத்தில்கூட இரண்டு வார்த்தை பேசுவார்கள் தம்பி. குழம்பில் உப்பு வேறு தூக்கலாக இருக்கும். சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எண்பத்தொன்று முடிந்துவிட்டது. செத்தால் இந்த உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் முடிவு. இன்று நேற்று எடுத்த முடிவு இல்லை. மேடையில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் அறுத்துப் படிக்கட்டும். கொள்ளி கிடையாது, மொட்டை கிடையாது, காரியம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவன் கடைசியில் கல்லூரிக்குப் போகிறேன் என்பேன். நல்ல கைதட்டல் கிடைக்கும் அந்த இடத்தில்.

போன மாதம் தஞ்சாவூர் போய் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசியது. “அய்யா, உங்க பையனும் கையெழுத்துப் போடணும். அதோட, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவருதான் எங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லணும். அவரு வேணாம்னுட்டா நாங்க எடுக்க மாட்டோம்” என்றது. “அம்மா, இது என் உடம்பு” என்றேன். “இருக்கிற வரைக்கும் உங்க உடம்புதான் அய்யா. அப்புறம் குடும்பத்தோடது” என்றது. சட்டம் அப்படியாம். மகன் கையெழுத்துக்கென்று ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பியது.

யோசித்துப் பாருங்கள். எதை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினேனோ, அந்தக் குடும்பத்திடமே போய்க் கையேந்த வைத்துவிட்டார்கள்.

போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் வீட்டு ஹாலில் உட்கார்ந்தேன். அவன் பனியனோடு இருந்தான். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். மங்கை டீ கொண்டுவந்து வைத்தாள். படிவத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான். அவன் கண்ணாடி போடுகிறான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“இதுல நான் கையெழுத்துப் போடணுமா?”

“ஆமாம். நேரம் வரும்போது போன் செய்தும் சொல்ல வேண்டும்.”

“சொல்லலைன்னா?”

“எடுத்துப்போக வரமாட்டார்கள்.”

“அப்ப உங்க கொள்கை இப்ப என் கையில இருக்கு.”

“கேலி வேண்டாம். கையெழுத்துப் போடு” என்றேன். வீட்டிலும் நான் இப்படித்தான் பேசுவேன், மேடைத் தமிழ் ஒட்டிக்கொண்டுவிட்டது.

“நான் போட மாட்டேன். நீங்க போனா நான்தான் கொள்ளி வைப்பேன்.”

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். “ஒரு மகன் தகப்பன் பேச்சைக் கேட்க வேண்டாமா?” என்றேன்.

சொன்ன உடனே சமையலறையில் மங்கை சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்தான், ஆனாலும் கேட்டது. அவன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பழைய தொண்டையிலேயே சொன்னான்: “பெற்றவர்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பெற்றவர்கள் சொல்வதைக் கேட்காதே. உன் அறிவைக் கேள். அது சொல்வதைச் செய்.” ஒரு எழுத்துப் பிசகவில்லை தம்பி. “என் அறிவைக் கேட்டுட்டேன் தோழரே. அது கொள்ளி வைக்கத்தான் சொல்லுது.”

என்ன செய்வீர்கள் நீங்களாக இருந்தால்? எனக்குத் தொழிற்சங்கத்துக்காக ஆலை முதலாளிகளோடு பேசிப் பழக்கம். எந்தக் கோரிக்கைக்கும் பின்னால் இன்னொரு கோரிக்கை ஒளிந்திருக்கும், சுற்றி வளைத்து அதைப் பிடிக்க வேண்டும். பேச்சுவார்த்தையைத் தொடங்கினேன்.

“சரி. ஒரு நாள் முழுக்க வீட்டில் வைத்திருங்கள். பிறகு கல்லூரிக்கு அனுப்புங்கள்.”

படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

“மாலை போடலாம். விளக்கு ஏற்றக் கூடாது.”

கண்ணாடியைக் கழற்றினான்.

“பெண்கள் அழலாம். ஒப்பாரி கூடாது.”

இதற்கு மங்கைதான் உள்ளேயிருந்து பதில் சொன்னாள். “வர்றப்ப எப்படி வருதோ அப்படித்தான் மாமா அழுவோம். உழக்குல அளந்து அழ முடியுமா?”

அந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஐயரை வைத்துத் தாலி கட்டித்தான் அவளைக் கூட்டிவந்தான். நான் திருமணத்துக்குப் போகவில்லை. கொள்கை. ஆனாலும் மாமா என்பதை அவள் விட்டதில்லை.

அவன் படிவத்தை மடித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். “இதெல்லாம் எனக்கு வேணாம். கொள்ளியைக்கூட விட்டுடுறேன். மொட்டை, காரியம் எல்லாத்தையும் விட்டுடுறேன். போனும் நானே பண்றேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க செய்யணும்” என்றான்.

பார்த்தீர்களா, ஒளிந்திருந்தது வெளியே வந்துவிட்டது.

அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் உங்களுக்குப் புரியாது. இது முப்பத்தைந்து ஆண்டுக்கு முந்தைய சங்கதி. தெருப் பலகைகளில் இருந்த சாதிப் பட்டங்களைத் தார் பூசி அழிக்கிற போராட்டம். நான்தான் தலைமை. எல்லோரையும் பிடித்துத் திருச்சிச் சிறையில் போட்டார்கள். நான் உள்ளே இருக்கும்போது செங்கமலத்துக்கு, அதுதான் இவன் அம்மாவுக்கு, மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. சிறை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். “சம்சாரத்துக்கு ரொம்ப முடியலையாம். இனிமே இந்த மாதிரி போராட்டத்துல கலந்துக்க மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மேல பேசி விடுதலை ஆர்டர் வாங்கிடுறேன். சாயங்காலமே பஸ் ஏறிடலாம்” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எழுதப் படிக்கத் தெரிந்தவன்தான் நான். ஆனால் அந்த ஒரு வரி மட்டும் எனக்கு எழுத வராது” என்றேன்.

இந்தப் பதிலை எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கைதட்டல் குறைந்ததில்லை. எங்களோடு இருந்த பூங்காவனம் என்று ஒருவன், வீட்டில் மாடு கன்று போட்டதென்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போனான். மாட்டுக்காக! இன்றைக்கு அவன் பெயர் யாருக்குத் தெரியும்? செங்கமலம் இருந்திருந்தால் அவளும் கைதட்டியிருப்பாள். எந்தக் கூட்டத்துக்கும் அவள் வந்ததில்லை, வந்து போகிற தோழர்களுக்குச் சமைக்கவே பொழுது சரியாக இருக்கும். ஆனாலும் கொள்கை தெரிந்தவள்.

அவள் இறந்துவிட்டாள். சடங்கு இல்லாமல் தோழர்கள் சுமந்துபோய் அடக்கம் செய்வது எங்கள் வழக்கம். தோழர்கள் அத்தனை பேரும் என்னோடு உள்ளே. வெளியே இருந்தவன் இவன் மட்டும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். பங்காளிகள் வந்து சுற்றி நின்றிருக்கிறார்கள். இவன் மொட்டை அடித்துக்கொண்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு, கொள்ளி வைத்துவிட்டான். யார் மகன்? தணலரசன் மகன்!

விடுதலையாகி வந்தேன். கடைத்தெருவில் வரவேற்புக் கூட்டம். என்னை வீட்டுக்குக்கூடப் போகவிடவில்லை, பேருந்து நிலையத்திலிருந்தே ஊர்வலமாக அழைத்துப் போய் மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஊர் முழுக்க இவன் செய்தது தெரியும். நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? சொன்னேன்: “ஊரில் இருக்கிற மூடர்களைத் திருத்தச் சிறைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு மொட்டை முளைத்திருக்கிறது!” சிரிப்பு அடங்கவே நேரமானது. தோழர் ஒருவர் எழுந்து, “தண்ணி ஊத்துங்க, இன்னும் நல்லா வளரும்” என்று கத்தினார். அதற்கும் சிரிப்பு.

மேடையில் நிற்பவன் கூட்டத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பேச முடியாது தம்பி. விளக்கு கண்ணில் அடிக்கும். இவன் மைக் செட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தான் என்று பிறகுதான் சொன்னார்கள். மறுநாள் தாய்மாமன் வீட்டுக்குப் பாபநாசம் போய்விட்டான். படிப்பை முடித்ததும் வேலைக்குப் போனதும் எல்லாம் அங்கே இருந்துதான். மாற்றலாகி மன்னார்குடிக்கு வந்தது ரொம்பக் காலம் கழித்து.

ஹாலுக்கு வருகிறேன். அவன் கேட்டது இதுதான். “அன்னைக்கு மைக்ல ஒண்ணு சொன்னீங்க. அது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லணும். மேடை எல்லாம் வேணாம். இங்க, இந்த ஹால்ல, மங்கை முன்னால சொன்னாப் போதும். இப்பவே கையெழுத்துப் போடுறேன்.”

மங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி. அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. ஏதோ பிரசவ அறை வாசலில் நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

நான் சொன்னேன்: “இங்கர்சால், சிறையிலேயே எழுதிக் கொடுக்காதவன் நான்.”

“தெரியும். எனக்குத் தெரியாதா?” என்றான். குரலை உயர்த்தவே இல்லை. “நீங்க அன்னைக்கு எழுதிக் குடுத்துட்டு வருவீங்க, வருவீங்கன்னு அம்மா வாசலையே பார்த்துக்கிட்டுக் கெடந்தாங்க. தஞ்சாவூர் பஸ் சத்தம் கேக்குறப்பல்லாம் என்னைப் போயிப் பாருடாங்குவாங்க. கடைசியில, ‘அவரு வர மாட்டாரு. நீயே எல்லாத்தையும் செஞ்சிடு, என்னை அனாதையாப் போக விட்டுடாதே’ன்னாங்க. செஞ்சேன்.”

“என்னிடம் அவள் அப்படி ஒன்றும் சொன்னதில்லை” என்றேன்.

“நீங்க வீட்ல இருந்தாத்தானே சொல்றதுக்கு.”

இதில் என்ன வாதம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். வெறும் உணர்ச்சி. வாதம் என்றால் நான் பதில் சொல்லியிருப்பேன். எவ்வளவோ பண்டிதர்களுக்குப் பதில் சொன்னவன்.

மங்கைதான், “மாமா, ஒரு வார்த்தைதானே” என்றாள். “வார்த்தைதான் அம்மா என்னிடம் இருக்கிறது. வேறு என்ன சொத்து இருக்கிறது? அதை எப்படிக் கொடுப்பேன்?” என்றேன். நன்றாக வந்தது அந்த வாக்கியம். முன்பென்றால் கூட்டம் எழுந்து நின்றிருக்கும். அங்கே இருந்தது இரண்டே பேர், இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

அவன் படிவத்தை என்னிடம் நீட்டினான். கிழிக்கவில்லை, எறியவில்லை. நீட்டினான். “சாப்பிட்டுட்டுப் போங்க” என்றான்.

சாப்பிட்டேன். கொள்கை வேறு, பசி வேறு. கெண்டை மீன் குழம்பு. மங்கை முள் இல்லாத துண்டாகப் பார்த்து எடுத்துப் போட்டாள். அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். எத்தனை ஆண்டுக்கு அப்புறம் எதிரும் புதிருமாகச் சாப்பிட்டோம் என்று நினைத்துப் பார்த்தேன், கணக்குக் கிடைக்கவில்லை. அவன் செங்கமலம் மாதிரியே கடைசி உருண்டையைத் தட்டிலேயே கொஞ்ச நேரம் உருட்டுகிறான்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? பழைய பஸ் ஸ்டாண்டா? நேரம் இருக்கிறது.

இப்போது எதற்குத் தஞ்சாவூர் போகிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் அந்தக் கல்லூரியில் கிடக்கிறது, பாதியில். நான் போன பிறகு யாராவது எடுத்துப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மகன் தயவுக்குக் காத்திருந்து காத்திருந்து செத்தான் கிழவன் என்று நினைப்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரப் போகிறேன். முடிவு என்னுடையதாக இருக்க வேண்டும். எரிக்கட்டும் தம்பி! சட்டி தூக்கட்டும், சங்கு ஊதட்டும், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். செத்த உடம்புக்குக் கொள்கை ஏது? உயிர் இருக்கிற வரைக்கும் தணலரசன் யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. வாயாலும் கொடுக்கவில்லை. பெற்ற மகனுக்குக்கூடக் கொடுக்கவில்லை. அது போதும். வெற்றி என்று சொல்ல மாட்டேன், எனக்கு இப்போதெல்லாம் களைப்பாக இருக்கிறது. ஆனால் தோல்வி இல்லை. அதை மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என்ன, ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? சரி, விடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பாவுக்கு நீங்கள்தானே செய்திருப்பீர்கள்? எனக்கு இந்த மூடப்பழக்கங்கள் ஒன்றும் விவரமாகத் தெரியாது, எதிர்த்தே காலத்தை ஓட்டிவிட்டேன். கொள்ளி வைக்கிறவன் அன்றைக்கு வேறெங்கும் போகக் கூடாதாமே, அப்படியா? எடுக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா? குளிப்பாட்டுவதும் அவன்தானா?

ஓகோ.

அப்புறம் மறுநாளும் போக வேண்டுமா, பால் தெளிக்க? அதற்கும் அவனேதான் வர வேண்டுமா? வேறு ஆளை அனுப்பினால் ஆகாதா?

ஆகாது என்கிறீர்கள்.

இல்லை, சும்மாதான் கேட்டேன். மறுநாளும் வருவான் என்கிறீர்கள்.